ஆறு கை பாலிஷ் போட்ட கிண்ணம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. எட்ட இருந்தால் பாதி காதில் விழாது.

"டீச்சரம்மா, இது சமையலறையா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார் அடைக்கலம்.

சிக்ரித் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சுவரும் வெள்ளை, மேசையும் வெள்ளை. ஒரு பூ உண்டா, ஒரு கொடி உண்டா? கண்ணு எங்க போய் உட்காரும்?"

"விருந்தாளிக்கு இடம் வேணும்ல," என்றாள் சிக்ரித்.

"எந்த விருந்தாளி? ரெண்டு மாசமா ஓலாவை விட்டா ஒரு ஈ, காக்கா இந்தப் பக்கம் வரலையே!"

மூலையில் உட்கார்ந்திருந்த ஓலா, பக்கத்து வீட்டு மீன்காரர், "என்னைப் போய் ஈ, காக்காயோட சேர்க்கிறீங்களே," என்று சிரித்தார்.

இந்த அடைக்கலம் காரைக்குடிப் பக்கத்து மரவேலைக்காரர். நிலைக்கதவில் அவர் யாளி செதுக்கினால், அந்த யாளிக்குப் பயந்து குழந்தைகள் கொல்லை வழியாக வருமாம். வயது ஐம்பத்திரண்டு.

சிக்ரித்துக்கு முப்பத்தாறு. நார்வேயின் வடகோடியில், குளிர்காலத்தில் ரெண்டு மாசம் சூரியனே எழாத இடத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு தீவில் அவளுடைய பட்டறை. மேசை, முக்காலி, கிண்ணம், கரண்டி. இவ்வளவுதான் அவள் செய்வது. ஆனால் பார்த்தவர்கள் பேச்சை மறந்து நிற்பார்கள் என்று கேள்வி. அதைக் கேட்டுத்தான் அடைக்கலம் விமானம், ரயில், படகு என்று மூன்றும் மாறிப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு வழக்கம். கற்க வந்தவர் ஒரு கிண்ணம் கடைந்து அவள் மேசையில் வைக்கவேண்டும். அவள் அதில் சாப்பிட்டால் அடியில் தன் முத்திரையைக் குத்திக் கொடுப்பாள். சாப்பிடவில்லை என்றால் இன்னொன்று கடையலாம். மூன்று தரம்தான். அதற்குமேல் ஊருக்குப் படகுதான்.

"முத்திரையோடதான் வருவேன், பாத்துக்க," என்று தெருவே கேட்கும்படி மனைவி வள்ளிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு வந்த மனிதர் அவர்.

முதல் கிண்ணத்தைச் சுற்றி எட்டு யாளி. சிக்ரித் அதில் கஞ்சியை ஊற்றினாள், கொட்டினாள், கழுவினாள், அவர் கையிலேயே கொடுத்தாள். எட்டு யாளியின் பல்லிலும் கஞ்சி.

இரண்டாவது கிண்ணத்துக்குப் பிடியாக ரெண்டு மயில். அவளுடைய அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி இருக்கும். அவள் இதையும் அதற்குள் வைக்கப் பார்த்தாள். மயில் இடம் கொடுக்கவில்லை.

"அதுக்குத் தனிக்குடித்தனம் பாருங்க, அடைக்கலம்," என்றார் ஓலா.

ஆக, மிச்சம் ஒன்று.

இந்தத் தடவை அடைக்கலம் உளியையே தொடவில்லை. அந்த ஊர் பிர்ச் மரத்தில், கடைசலில், வழவழவென்று ஒரு கிண்ணம். யாளி இல்லை, மயில் இல்லை. அடுக்கினால் அடங்கும், கழுவினால் ஒட்டாது.

ஆனால் மரம் வெளுத்துக் கிடந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. அவர் ஊரில் வெயில் கூப்பிடாமலே வரும். வீட்டையே வெயிலுக்கு மறைத்துத்தான் கட்டுவார்கள். கருகருவென்று பாலிஷ் போட்ட தூணில் கன்னத்தை வைத்தால் குளுகுளு என்று இருக்கும். நல்ல மரம் என்றால் அவருக்கு அதுதான்.

ஒன்று காய ஒன்றாக, ஆறு கை கறுப்புப் பாலிஷ் போட்டார். கிண்ணம் நாவற்பழம் மாதிரி மின்னியது.

அதைத்தான் அன்றைக்கு, சமையலறையா ஆஸ்பத்திரியா என்று கேட்டபோது, மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

சிக்ரித் ஒரு முறை பார்த்தாள். "சூரியன் வரட்டும்," என்றாள்.

"எப்ப வரும்?"

"கார்த்திகையிலே போனது," என்று ஓலா விரல்விட்டு எண்ணினார். அடைக்கலத்திடமிருந்து மாதப் பெயர்களைக் கற்று வைத்திருந்தார் மனிதர். "தை பொறந்து ஆறு நாள் ஆச்சு. நாளைக்கு அந்த மலைக்கு மேல தலையைக் காட்டும். நாலு நிமிஷம். நாங்க அன்னிக்கு மஞ்சளா ரொட்டி சுட்டுத் தின்போம். உங்க ஊர்ல சூரியனுக்கு என்ன செய்வீங்க?"

"பொங்கல் வெச்சு இலை போடுவோம். அவரு சாப்பிட்டப்புறம்தான் நாங்க."

"அவர் சாப்பிட்டுட்டார்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா நிப்போம்."

கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த சிக்ரித்தின் கை ஒரு நொடி நின்றது. மறுபடி கிளறியது.

மறுநாள் உச்சிப்பொழுது. மூன்று பேரும் சமையலறையில் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனியும் கடலும் ஒரே நீலமாகக் கிடந்தன.

அப்போது மலையின் தோளில் ஒரு பொறி.

அது ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்தது. எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. வெள்ளைச் சுவர் அதை வாங்கி மேசைக்குக் கொடுத்தது. மேசை கூரைக்குக் கொடுத்தது. அலமாரியில் வெற்றிலை கனத்துக்குக் கடைந்த கிண்ணங்களின் விளிம்பெல்லாம், வெயிலில் நிற்கும் கன்றுக்குட்டியின் காது மாதிரி சிவந்தன. ஒரு கரண்டி, ஒரு முக்காலி விடாமல் எல்லாம் வாங்கின. வாங்கியது எதையும் எதுவும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

அடைக்கலம் ஐம்பத்திரண்டு வருஷமாகத் தலைமேல் சுமந்த வெயில்தான். அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். கை தானாகக் குவிந்தது.

அந்த அறையிலேயே ஒன்று மட்டும் இருட்டாக இருந்தது. அவருடைய கிண்ணம். கிணறு மாதிரி, வந்த வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சும்மா கிடந்தது.

நாலு நிமிஷம். முடிந்தது.

சிக்ரித் அலமாரியிலிருந்து பழைய கிண்ணம் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள்.

"படகு எப்ப, டீச்சரம்மா?" என்று கேட்டார் அடைக்கலம்.

"நாளைக்கு மதியம்."

"அப்ப நான் மூட்டையைக் கட்டுறேன்."

"கிண்ணம் இன்னும் மேசையிலதான் இருக்கு," என்றாள் சிக்ரித்.

அடைக்கலம் அவளையே பார்த்தார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

கடைசல் யந்திரத்தில் பூட்டினார். ஆறு கை பாலிஷும் உமியாக உதிர்ந்தது. அதோடு விடவில்லை. விளிம்பு வெற்றிலை கனத்துக்கு வரும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்தார். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்தார். வெளுத்த மரம். முதல் முறையாக அது அவருக்கு ஏழையாகத் தெரியவில்லை.

மறுநாள் மதியம். படகுக்காரன் ஒரு முறை ஊதிவிட்டான். கிண்ணம் மேசை நடுவே இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் சிக்ரித். ஓலா கையில் மஞ்சள் ரொட்டி. அடைக்கலம் ஜன்னலுக்கு முன்னால், அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டார். சாப்பிடுவாளா, மாட்டாளா? அந்த முகத்தில் தெரிந்துவிடும் அல்லவா?

"வந்துட்டாரு!" என்றார் ஓலா.

அலமாரி சிவந்தது. கூரை வெளுத்தது.

கிண்ணம் இருட்டாகவே இருந்தது.

அடைக்கலம் கையை விரித்தார். "இவ்வளவு கடைஞ்சுமா? டீச்சரம்மா, இன்னும் நான் எதை எடுக்கணும்?"

சிக்ரித் திரும்பித் தன் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

அடைக்கலமும் பார்த்தார்.

சுவரில் ஒரு பெரிய ஆள் நின்றுகொண்டிருந்தான். குல்லா போட்ட தலை, அகலமான தோள். அது அடைக்கலத்தின் நிழல்தான்; மேசைமேலும் விழுந்து, கிண்ணத்தை முழுசாக மூடியிருந்தது.

அடைக்கலம் ரெண்டு அடி தள்ளி நின்றார்.

கிண்ணம் நிறைந்தது. விளிம்பு சிவந்தது. அதற்குள் விழுந்த வெளிச்சம் எழும்பி சிக்ரித்தின் முகத்தில் பட்டது. ஓலாவின் தாடியில் பட்டது. அடைக்கலத்தின் கையில் பட்டது.

ஓலாவின் ரொட்டி கையிலேயே இருந்தது. படகுக்காரன் ரெண்டாவது முறை ஊதினான். யாரும் அசையவில்லை.

அடுப்பில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. சிக்ரித் கரண்டியைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சும்மா நின்றாள்.

வெளிச்சம் கிண்ணத்தின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தது. மேசையை விட்டு இறங்கியது. போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்ரித் அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன கஞ்சியை அதில் ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.