எழுந்து நிற்காத கோழிகள்

மஞ்சவயலை ஆண்ட மகுடபூபதிக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று முட்டைப் பொரியல். மற்றது மரியாதை. கட்டியக்காரன் "ராஜாதி ராஜ" என்று வாயைத் திறந்தால் போதும், யாராக இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். மன்னரின் மூட்டுவலிக்கார மாமியாரையே நான்கு பேர் தூக்கி நிறுத்துவார்கள். அரண்மனை நாய்களுக்கும் இது பழகிவிட்டது. படுத்தே கிடந்த குற்றத்துக்காக ஒரு எருமை நாடு கடத்தப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

முட்டைப் பைத்தியத்தைக் கவனித்துக்கொண்டவர் சமையற்கூட அதிகாரி வைத்திலிங்கனார். "கோழி நடந்தால் உள்ளே முட்டை குலுங்கிக் கலங்கிவிடும் மன்னா!" என்று அளந்துவிட்டார். மன்னரும் நம்பிவிட்டார். கோழிகளையெல்லாம் குட்டை குட்டையான மூங்கில் கூண்டுகளில் திணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியாயிற்று.

சபையில் வாய்ச்சாலகத்துக்குப் பேர்போன பூவணன் ஒருநாள் அந்தப் பக்கம் போனான். ஒரு பெட்டைக்கோழி உட்கார்ந்தபடியே மண்ணே இல்லாத மூங்கிலைக் காலால் சீய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் நேரே சபைக்கு வந்தான்.

"மன்னா, உங்கள் கோழிகள் படாத பாடு படுகின்றன."

வைத்திலிங்கனார் குறுக்கே பாய்ந்தார். "அபாண்டம்! நரி பயம் இல்லை, மழை பயம் இல்லை, இருந்த இடத்தில் தீனி. அந்தச் சுகம் எனக்கே வாய்க்கவில்லை!"

மன்னர் மீசையைத் தடவினார். "கோழியையே கேட்டுவிடுவோம். நாளை வருகிறேன். கோழிகளின் குறை என் காதில் விழுந்தால் கூண்டுகளை உடைத்துப்போடுகிறேன். விழாவிட்டால், பூவணா, நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடு."

கோழியை எப்படிப் பேச வைப்பது? ஆனாலும் பூவணன் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "அப்படியே மன்னா. ஆனால் முறைப்படி, கொம்பு தாரையோடுதான் வர வேண்டும்."

"வராமல்? நான் என்ன முட்டை வியாபாரியா?"

மறுநாள் கோழிக்கொட்டகைக்கு ராஜ ஊர்வலம். கொம்பு முழங்கியது. வேடிக்கை பார்க்க வந்த மாமியாரை நான்கு பேர் அலாக்காகத் தூக்கினார்கள். கட்டியக்காரன் அத்தனை பட்டங்களையும் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தான்.

ஒரு கோழியும் எழுந்திருக்கவில்லை. ஒன்று மட்டும் உட்கார்ந்தபடியே "கொக்" என்றது.

மன்னரின் முகம் சிவந்தது. "திரும்பச் சொல்லடா!"

திரும்பவும் சொன்னான். கோழிகள் அசையவில்லை.

பூவணன் தலையில் அடித்துக்கொண்டான். "ராஜத் துரோகம்! மன்னா, யாரோ இவற்றைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள். தினமும் இவற்றோடு பழகுகிறவர் யார்?"

எல்லாருடைய கண்ணும் வைத்திலிங்கனார் மேல் திரும்பியது.

"நான் தூண்டவில்லை மன்னா!"

"பின்னே ஏன் எழவில்லை? திமிரா?"

"ஐயோ, திமிர் இல்லை! எழ முடியாது மன்னா! எழுந்தால் கூரை இடிக்கும். அடைத்த நாளிலிருந்து நின்றதே இல்லை. இறக்கையை விரிக்கக்கூட இடமில்லை. காலெல்லாம் மரத்துக் கிடக்கிறது. வாயில்லாத ஜீவன்கள், பாவம், என்ன செய்யும்?"

பூவணன் பணிவாகக் கும்பிட்டான். "மன்னா, கோழிகளின் குறை காதில் விழுந்ததா? நானாக இருந்தால் இவ்வளவு உருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்."

மன்னர் கிரீடம் நழுவும்படி சிரித்தார். "உடையுங்கள் கூண்டுகளை! வைத்திலிங்கனாரே, இனி என் கோழிகளை மேய்க்கப் போகிறவர் நீர்தான். அவை எங்கே நடந்தாலும் நீரும் பின்னாலேயே நடக்க வேண்டும்."

கோழிகள் தள்ளாடி எழுந்து நின்றன. இறக்கையை உதறின. பிறகு மன்னருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைச் சீய்க்கப் போய்விட்டன. பூவணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

அப்போது நான்கு பேர் கைகளில் தொங்கிக்கொண்டிருந்த மாமியாரின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, கோழிகளை விட்டாயிற்று. என்னை எப்போது கீழே விடச் சொல்வீர்கள்?"