இருக்கேன் என்று சொன்ன பெட்டி

"எவனோ ஒருத்தன் என்னை ஏமாத்திட்டான், டீச்சரம்மா. அவன் ஏமாத்துனதுல ஒரு பிள்ளை செத்துப் போச்சு."

நஸீமா நிமிர்ந்து பார்த்தார். மதுரையில் கணினி வலையமைப்பு சொல்லிக் கொடுக்கும் கூடம் அவருடையது. வாசலில் நின்ற சுருளியப்பன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

லாரியில் கிளீனராக ஏறியவர் அவர். அடிபட்டு, மிதிபட்டு, லாரிக்கே சொந்தக்காரர் ஆனவர். மலைப்பாதையில் தம்பியைப் பறிகொடுத்ததும் லாரிகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஐந்து ஆம்புலன்ஸ் வாங்கினார். மலையில் எங்கே எது கவிழ்ந்தாலும் போன் அவருடைய அறைக்குத்தான் வரும்.

"உட்காருங்க ஐயா."

"உட்கார வரல. எங்க போனெல்லாம் நெட்டுலதான் ஓடுது, அதுக்கு ரெண்டு கம்பெனி லைன் வாங்கினேன். ரெண்டு ரவுட்டர் வாங்கினேன். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எழுந்திரிக்கும்னு சத்தியம் பண்ணி வித்தான். போன வாரம் ஒரு லைன் படுத்துச்சு. ரெண்டாவது எழுந்திரிக்கல. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன ஜீப்பு வளைவுல உருண்டு கெடக்கு, எங்க அறையில ஒரு போன் மணி அடிக்கல. செல்லக்கிளின்னு பேரு. ரத்தம் போயே செத்துச்சு."

"யாரு ஏமாத்தினதா நினைக்கிறீங்க?"

"வித்தவனா, லைன் குடுத்தவனா, மாட்டிவிட்ட எஞ்சினியரா? மூணு பேரும் அடுத்தவனைக் கை காட்டுறான். எவன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்குறேன்."

"சொல்ல மாட்டேன். வேணும்னா கத்துக் குடுக்குறேன்."

சுருளியப்பன் யோசித்தார். தானே கற்றுக்கொண்டால் எவன் காலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த எண்ணம் அவருக்கு இனித்தது.

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷம்."

"ஒரு வாரம்."

"ஒரு வருஷம்."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். ஒரு மாசம்."

நஸீமா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வாங்க, உங்க அறையைப் பார்ப்போம்."

"நாள் முடிவாகலையே?"

"கத்துக்கிறவருக்கு ஒரு நாள் போதும். பேரம் பேசுறவருக்கு ஒரு ஜென்மம் பத்தாது."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நடந்திருப்பது வேறு. ஆனால் செத்தவளின் முகம் அவர் கண்ணுக்குள் நின்றது. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

*

மலையடிவாரம். உச்சி வெயில்.

ஆம்புலன்ஸ் அறையில் பவுன்தாய் உட்கார்ந்திருந்தார். முன்னாளில் நர்ஸ். வருகிற போனை எடுப்பது அவர் வேலை. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வது சுருளியப்பன் வேலை. அதில் இம்மி மாற்றம் கிடையாது. ஒரு சமயம் டிரைவர் ஒருத்தன் கல்யாண வீட்டுக்கு வாழைத்தாரும் பந்திப்பாயும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவர் வாயால் சொல்லாமல் ஒரு சக்கரமும் சுழலாது.

சோதனை முடியும்வரை அழைப்புகளைப் பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் திருப்பிவிடச் சொன்னார் நஸீமா. பவுன்தாய் திருப்பினார்.

சுவரோரம் இரண்டு ரவுட்டர்கள், லைனுக்கு ஒன்று. ஒரே அளவு, ஒரே நிறம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

"இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரே விலாசம்," என்றார் நஸீமா. "அறையில இருக்குற போனுக்கெல்லாம் அந்த விலாசம்தான் தெரியும். வெளிய பேசணும்னா அங்க வரும். அதுக்குப் பின்னாடி எந்தப் பெட்டி உட்கார்ந்திருக்குன்னு அதுகளுக்குத் தெரியாது."

"வாசல் ஒண்ணு, காவக்காரன் ரெண்டு."

"ஆமா. ஒருத்தர் நிப்பாரு. ஒருத்தர் காத்திருப்பாரு."

மடிக்கணினியைத் திறந்து வைத்தார். திரையில் ஒரே மாதிரி வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

"இது என்னா?"

"முதல் பெட்டி பேசுது. ஒவ்வொரு நொடிக்கும், 'இருக்கேன்'னு."

"ரெண்டாவது என்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லாது. கேட்டுக்கிட்டே இருக்கும்."

"எதுக்கு?"

"அந்தக் குரல் எப்ப நிக்குதுன்னு."

நஸீமா முதல் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. திரையில் வரிகள் நின்றன. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மறுபடியும் வரிகள் ஏறத் தொடங்கின. இப்போது பேசியது இரண்டாவது.

பவுன்தாய் வெளியே ஒரு எண்ணை அழைத்தார். மணி அடித்தது.

"போகுதுண்ணே."

சுருளியப்பனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடாத மாட்டை ஓடாது என்று விற்கலாம். ஆள் பார்க்கும்போது மட்டும் ஓடுகிற மாட்டை என்ன செய்வது?

"இன்னைக்கு ஓடுற நாய்க்கு அன்னைக்கு என்ன கேடு வந்துச்சு?"

நஸீமா மின்கம்பியைத் திரும்பச் செருகினார். முதல் பெட்டி கண் விழித்து, மறுபடியும் பேச ஆரம்பித்து, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

பிறகு அவர் மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். முதல் லைன் தெருவிலிருந்து வந்து சேரும் சின்னப் பெட்டி அங்கே இருந்தது. தெருவிலிருந்து வரும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு இறங்கி வந்தார்.

"இப்போ கூப்பிடுங்க, பவுன்தாயம்மா."

பவுன்தாய் அழைத்தார். ஓசையே இல்லை.

"செத்துருச்சு டீச்சர்."

சுருளியப்பன் முதல் பெட்டியைப் பார்த்தார். எல்லா விளக்கும் பச்சை. திரையைப் பார்த்தார். வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

"அட, சண்டாளப் பெட்டியே!" அவர் மேசையில் குத்தினார். "இவன்தானா? இவன்தானா பொய் சொன்னது?"

"பொய் சொல்லலையே."

"என்னம்மா சொல்றீங்க?"

"இருக்கேன்னு சொல்லுது. இருக்குதுதானே?"

கோபக்காரனுக்கு ஒருத்தன் நழுவினால் அடுத்தவன் வேண்டும். சுருளியப்பன் இரண்டாவது பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கு என்னா? பக்கத்துல இருக்கவனால ஒரு வேலையும் ஆகலன்னு தெரியாது? சும்மா உட்கார்ந்து முழிச்சுக்கிட்டு இருக்கான்?"

"மேல இருக்கவர் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கீழ இருக்கவர் எழுந்தா அது பிழை."

பவுன்தாய் மேசை விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசி ஒன்றும் இல்லை.

*

"அப்போ ரெண்டாவதைத் தூக்கி முதல்ல வைங்க," என்றார் சுருளியப்பன்.

நஸீமா வைத்தார். மாடிக்குப் போய் முதல் லைனைத் திரும்பச் செருகி, இரண்டாவது லைனைக் கழற்றிவிட்டு வந்தார். இரண்டாவது பெட்டி பச்சையாக நின்று, இருக்கேன் என்றது. போன் செத்துக் கிடந்தது.

"ஆளை மாத்துனேன். நோவு மாறல," என்று சுருளியப்பன் முனகினார். எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னார். பிறகு அடுத்த விலையைச் சொன்னார்.

"ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல நிக்க விடுங்க."

நஸீமா இரண்டு பெட்டிக்கும் நடுவே பேச்சு போகும் வழியை அடைத்தார். இரண்டாவதுக்கு முதலாவதின் குரல் கேட்கவில்லை. எழுந்து நின்றது. முதலாவது உட்காரவில்லை. ஒரு வாசலுக்கு இரண்டு பேர், நானே நானே என்று. பவுன்தாய் அழைத்தார். மணி பாதி அடித்துத் துண்டித்தது. மறுபடி அழைத்தார். பேசியது கேட்டது, பதில் வரவில்லை.

"போதும்," என்றார் சுருளியப்பன். "ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி இருக்கு. எடுங்க."

பவுன்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

சுருளியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாகக் குரல் தணிந்தது.

"என்ன செய்யணும், டீச்சரம்மா?"

"முதல் பெட்டி தன்னோட பாதையைத் தானே பாக்கணும். விளக்கு எரியுதான்னு பாத்தாப் பத்தாது. வெளிய தூரத்துல ஒரு கதவைத் தட்டணும். பதில் வருதான்னு கேக்கணும். தட்டிக்கிட்டே இருக்கணும்."

"பதில் வரலன்னா?"

"ரெண்டு பெட்டிக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. பெரிய எண் உள்ளது நிக்கும், சின்ன எண் உள்ளது காத்திருக்கும். பதில் வரலன்னா முதல் பெட்டி தன் எண்ணைக் குறைச்சுக்கணும். ரெண்டாவதோட எண்ணுக்கும் கீழ."

"யாரு குறைப்பா?"

"அதுவேதான்."

சுருளியப்பன் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க. சந்தையில, கட்சியில, கோயில் கமிட்டியில எல்லாத்துலயும் அலைஞ்சவன் நான். தன்னைத் தானே எறக்கிக்கிட்டவன் ஒருத்தனைக் கண்ணால பாத்ததில்ல."

நஸீமா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"அடிங்க. நான் சொல்றேன்."

அவர் ஒற்றை விரலால் அடித்தார். தப்பாக அடித்தார். அழித்தார். திட்டினார். மறுபடி அடித்தார். நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், எவ்வளவு கீழே இறங்க வேண்டும். ஒவ்வொன்றாக அவர் கையாலேயே எழுதினார்.

"போங்க. நீங்களே மாடிக்குப் போய்க் கழட்டுங்க."

போனார். முதல் லைனைக் கழற்றினார். மூச்சிரைக்க ஓடி வந்தார்.

திரையில் முதல் பெட்டி இன்னும் சில தடவை இருக்கேன் என்றது. பிறகு அதன் எண் குறைந்தது. இரண்டாவது எழுந்தது. எந்தச் சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை.

பவுன்தாய் அழைத்தார். மணி அடித்தது. மறுமுனையில் யாரோ, "ஹலோ, யாருங்க?" என்றார்கள்.

சுருளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சத்தம் போட்டார்.

"பாத்தியா பவுனு! பிடிச்சாச்சு. அன்னைக்கே இது இப்படி நடந்திருந்தா அந்தப் பிள்ளை பொழச்சிருக்கும். ஒரு போன், ஒரே ஒரு போன் வந்திருந்தாப் போதும்."

பவுன்தாய் தன் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நஸீமா கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு ஒரு போன் கூடவா வரல?"

"வந்துச்சு டீச்சர்."

சுருளியப்பன் திரும்பினார். "என்னா?"

"என் செல்லுக்கு வந்துச்சுண்ணே. ஜீப்பு ஓட்டுன பையன் எங்க தெருக்காரன். ஆபீஸ் போன் எடுக்கலன்னதும் என் நம்பருக்கு அடிச்சுட்டான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். உடனே உங்களுக்குத்தான் அடிச்சேன். நீங்க எடுத்தீங்க."

சுருளியப்பனுக்கு ஞாபகம் வந்தது. மலைக்கு மேலே, ஒரு எஸ்டேட்டில், ஆறாவது வண்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். விற்கிறவன் விலையில் இறங்கி வரும் நேரம். காதில் போன். இரைச்சலில் ஏதோ ஜீப்பு, வளைவு என்று கேட்டது. அப்புறம் சிக்னல் போய்விட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்து மறுபடி பேரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"'இருக்கேன், பாத்துக்குறேன்'னு சொன்னீங்க."

"அப்புறம் நீ என்னடி பண்ணிக்கிட்டு இருந்த?" அவர் கத்தினார். "வண்டி வாசல்ல நிக்குது. டிரைவர் நிக்கிறான். போடான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன?"

பவுன்தாய் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீங்கதான் இருக்கேன்னு சொன்னீங்களேண்ணே."

சுருளியப்பன் நஸீமாவைத் தேடினார். நஸீமா பையை மாட்டிக்கொண்டு அவர்கள் இருவருக்கும் நடுவிலிருந்து விலகி, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சுருளியப்பன் பவுன்தாய் பக்கம் திரும்பினார்.

"சரி. இனிமே ரெண்டு வண்டிக்கு நீயே சொல்லிக்க."

பவுன்தாய் பேசவில்லை.

"மூணு வண்டி."

பேசவில்லை.

"எத்தனைதான் வேணும்? சொல்லித் தொலையேன்."

பவுன்தாய் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பேரம் வேண்டாம்ணே. செல்லக்கிளியோட அம்மா, வண்டி ஏன் வரலன்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு. ஏன் வரலன்னு சொல்லக்கூடியவர் ஒருத்தர் இருக்காரு. பேரு நான் சொல்ல மாட்டேன், அவரு சோறு தின்னவ நான். ஆனா அவரு அந்த வீட்டுக்குப் போகணும். அந்தம்மா காறித் துப்புனாலும் நின்னு வாங்கிக்கணும். வந்து, வண்டிக்கு உத்தரவு போடுற இந்த நாற்காலிய விட்டு எறங்கணும். அடுத்த ஜீப்பு உருளுறதுக்கு முன்னால, இதையெல்லாம் அவரு சரி பண்ணியே ஆகணும்."