வெடிப்பலாச் சோலையின் மூத்தகுடி

மலையில் ஒரு சோலை இருந்தது. வெடிப்பலா மரங்கள் மிகுந்த இடம் என்பதால் வெடிப்பலாச் சோலை என்று பெயர். அதன் நாலு பக்கமும் தேயிலை. மேற்கே தேயிலைக்கு நடுவில் எஸ்டேட் ரோடு. ரோட்டுக்கு அப்புறம் பெரிய சோலை. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே காடு. வெட்டியவர்கள் இரண்டாக்கினார்கள். ரோடு போட்டபோது குரங்குகளிடம் யாரும் கேட்கவில்லை. கொழுந்து பறித்தவர்களிடமும் கேட்கவில்லை.

வெடிப்பலாச் சோலையில் ஒரு கூட்டம் சோலைமந்தி வாழ்ந்தது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிர், வால் நுனியில் குஞ்சம். மரத்தைவிட்டு இறங்க மனம் வராத குரங்கு அது.

அந்தக் கூட்டத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தவர் திருஞானம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு குரு இருந்தார். குருவின் பெயர் ஜெசிந்தா. கொழுந்து பறித்த ஒரு தாய்க்குப் பாடி என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, திருஞானத்தின் வகுப்பிலேயே படித்து, வெளியூர் போய், குரங்குகளின் மரபணுவை ஆராய்கிறவராகத் திரும்பி வந்தவர். மலைமேல் சின்னதாக ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார். ஓய்வு பெற்ற கையோடு திருஞானம் அந்த வாசலில் போய் நின்று, எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்.

ஊர் சிரித்தது. வாத்தியார் பெயிலாகி மறுபடி முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். அவர் கவலைப்படவில்லை. ஜெசிந்தா அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். உட்காருங்கள் சார் என்று அவர் தினமும் சொல்வார். அவர் உட்காரும்வரை இவர் உட்காரமாட்டார்.

வேலை எளிது, கொஞ்சம் நாறும். விடிந்ததும் குரங்குகள் தூங்கி எழுந்த மரத்தடிக்குப் போகவேண்டும். காயாத எச்சமாகப் பார்த்துக் குச்சியால் எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு மூடவேண்டும். அதிலிருந்து அந்தக் குரங்கின் தாய்வழியையும் தந்தைவழியையும் படித்துவிடலாம். பிடிக்க வேண்டியதில்லை, ஊசி குத்த வேண்டியதில்லை.

ஜெசிந்தா அவருக்கு முதலில் தாய்வழியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். சோலைமந்திகளில் பெண்கள் பிறந்த கூட்டத்தைவிட்டுப் போவதில்லை. வளர்ந்த ஆண்தான் கிளம்பிவிடும். வேறு கூட்டத்தைத் தேடிப் போய், கடிபட்டு, துரத்தப்பட்டு, கடைசியில் சேர்த்துக்கொண்டால் தங்கும். ஆகவே ஒரு கூட்டம் எத்தனை காலமாக ஓரிடத்தில் இருக்கிறது என்று அறியத் தாய்வழியைப் பார்க்கவேண்டும்.

திருஞானம் பார்த்தார். வெடிப்பலாச் சோலையின் தாய்வழி, அவர்கள் சோதித்த வேறெந்தச் சோலையிலும் இல்லை. மலையில் மனிதன் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே பிரிந்து வந்த கிளை அது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அந்தக் கூட்டத்துக்கு மூத்தகுடி என்று அவரே பெயர் வைத்தார்.

தந்தைவழியையும் படித்துவிடுங்கள் என்றார் ஜெசிந்தா. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர் தள்ளிக்கொண்டே வந்தார். தேடிய பெருமை கிடைத்தபிறகு மேலே தேடுகிறவர்கள் குறைவு.

டீக்கடையில் மட்டும் தினமும் பேசினார். மனிதனுக்கு முந்தி ஏறியவர்கள், இன்றுவரை கலப்பு கிடையாது, அப்பழுக்கற்ற வழி என்றார். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த பவளக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப குரங்குக்கும் சாதி சர்ட்டிபிகேட் வாங்கிட்டீங்களா சார்?"

கடை சிரித்தது. இது விஞ்ஞானம் அம்மா என்றார் திருஞானம்.

"எங்ககிட்டயும் அப்படித்தான் சார், ஏதாவது ஒண்ணைச் சொல்லித்தான் தள்ளி வெப்பாங்க." பவளக்கொடி கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெசிந்தா நகரத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சில மாதம் தங்க வேண்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் திருஞானத்திடம் விட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஒரு நாள் தேயிலைக்காட்டு நிழல்மரத்தில் ஓர் ஆண் சோலைமந்தி வந்து உட்கார்ந்தது. ரோட்டைத் தரையில் ஓடிக் கடந்து, பெரிய சோலையிலிருந்து வந்திருந்தது. காது கிழிந்த இளவட்டம். வெடிப்பலாச் சோலையைப் பார்த்து உரக்கக் கூவியது. சோலைக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தது.

திருஞானம் பதறினார். இத்தனை யுகம் காத்த குடி, தன் காவலில் இருக்கும்போதா கெட்டுப்போக வேண்டும்? ஒரு காவல்காரனைப் பிடித்து, கை நிறையப் பட்டாசு வாங்கிக்கொடுத்தார். ஆண் கூவிய இடத்தில் எல்லாம் வெடித்தார்கள். அது ஓடியது. பிறகு இன்னொன்று வந்தது. அதையும் விரட்டினார்கள். காது கிழிந்தது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு தடவை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ரோட்டில் குதித்தது. தேயிலை லாரி வந்துகொண்டிருந்தது.

திருஞானமே குழி தோண்டிப் புதைத்தார். அவருக்கு வருத்தம்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"வேத்து எடத்துல பொண்ணு தேடி வந்தா ரோட்டுலதான் கெடக்கணும் போல" என்றாள் பவளக்கொடி.

அவர் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார். மறுநாளும் பட்டாசு வெடித்தது.

மழை பிடித்தபோது வயிற்றுக் கழிச்சல் நோய் வந்தது. இரண்டு சோலைக்கும் ஒரே சமயத்தில் வந்தது. பெரிய சோலையில் சில குரங்குகள் படுத்தன. பல குரங்குகளை அது தொடவே இல்லை. வெடிப்பலாச் சோலையில் தொட்டதெல்லாம் விழுந்தது. குட்டிகள் முதலில் போயின. ஒரு தாய் செத்த குட்டியை விடாமல் தூக்கிக்கொண்டே திரிந்தது. குட்டி காய்ந்து தோலான பிறகும் கிளைக்குக் கிளை அதைக் கவ்விக்கொண்டு தாவியது. அந்த மரத்தடியில் எச்சம் எடுக்கப் போன திருஞானம் வெறும் குப்பியோடு திரும்பினார். மழை விட்டபோது கூட்டத்தில் பாதி இல்லை.

வன ரேஞ்சர் முபாரக் ஒரு யோசனை சொன்னார். தீயணைப்பு வண்டியில் கழித்துப்போட்ட பழைய குழாய்கள் இருக்கின்றன. அவற்றை ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டிவிட்டால், பெரிய சோலை ஆண்கள் தரையில் இறங்காமலே இந்தப் பக்கம் வந்துவிடும். வியாழக்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொன்னார். இங்கே வேண்டாம் என்றால் குழாயும் ஆட்களும் வேறு மலைக்குப் போய்விடும். அடுத்த மழைக்குள் திரும்பிவர வழியில்லை. அடுத்த மழையைத் தாங்கக் கூட்டத்தில் எத்தனை மிஞ்சும் என்று அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நகரத்திலிருந்து திரும்பியிருந்த ஜெசிந்தா, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கூட்டம் திருஞானம் சார் பொறுப்பில் இருக்கிறது, அவர் சொல்லட்டும் என்று ரேஞ்சருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் சம்மதிக்காமல் பாலத்தைக் கட்டி, பக்கத்தில் அவர் பட்டாசும் வெடித்தால் எந்தக் குரங்கு வரும்?

வியாழக்கிழமை காலை, ஜீப் வருவதற்கு முன்னால் திருஞானம் நிலையத்துக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லத்தான் முடிவு செய்திருந்தார். குருவின் வாயால் அதைக் கேட்டுவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றியது. ஜெசிந்தா குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே கேட்டார்.

"அம்மா, யுகயுகமாகக் கலக்காமல் வந்த குடி. அதை நம் கையாலேயே கலக்கவிடலாமா?"

"பாதிக் கூட்டம் போய்விட்டது, சார்."

"பாதி போனாலும் மீதி அசலாக இருக்கிறது."

ஜெசிந்தா கடைசிக் குப்பியைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு தாள்களை எடுத்துவந்தார். இரண்டிலும் தலைப்பு இருந்த பகுதியைக் கிழித்தார். மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தவளையையும் தேரையையும் பெயர் மறைத்து வைத்து, எது எது என்று கேட்பீர்கள். ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கிறது. நீதான் முதலில் சொல்வாய்." வகுப்பு ஞாபகத்தில் வாய் தவறிவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா சிரித்தார். "இப்போது நீங்கள் சொல்லுங்கள். இதில் நம் கூட்டம் எது?"

ஒவ்வொரு தாளிலும் குரங்குக்கு ஒரு கீற்று. கீற்றில் மேலும் கீழுமாகக் கறுப்புக் கோடுகள். ஒரு குரங்கு தாயிடமும் தந்தையிடமும் வாங்கியதெல்லாம் அந்தக் கோடுகளில் தெரியும். திருஞானம் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

"இது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"எல்லாக் கீற்றும் ஒன்றுபோல் இருக்கிறதே. ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதைப் பார்க்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம்."

"கழிச்சலும் அப்படித்தான் எடுத்தது."

திருஞானத்துக்குச் சுருக்கென்றது. மற்றத் தாளை அவர் பக்கம் தள்ளினார். அதற்காக இப்படியா ஆகவேண்டும் என்று கேட்டார். இதில் ஒன்றுக்கொன்று ஒட்டு இல்லை, உறவு இல்லை. எந்தக் கோடு எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. ரோட்டில் திரிகிற நாடோடிகளைப் பிடித்துச் சேர்த்த மாதிரி இருக்கிறது என்றார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது.

"இது பெரிய சோலைதானே?"

"இல்லை, சார்."

"பின்னே?"

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்தார். தேயிலை நடுவதற்காக இந்தக் காட்டை வெட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு, மாலையில் குரங்கு சுடுவது பொழுதுபோக்கு என்று ஜெசிந்தா சொன்னார். சுட்டதில் அழகானவற்றைத் தோலுரித்துப் பதப்படுத்தி நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறார். பூச்சி மருந்து வாடையோடு அவை இன்னமும் ஓர் இழுப்பறையில் கிடக்கின்றன. சுட்ட இடத்தின் பெயர் ஒவ்வொன்றின் காலிலும் கட்டியிருக்கிறது. அவற்றின் உள்ளங்காலிலிருந்து துளித் துளியாகத் தோல் சுரண்டிப் படிக்கத்தான் அத்தனை மாதம் ஆனது.

"காலில் வெடிப்பலாச் சோலை என்றுதான் கட்டியிருக்கிறது, சார். தாய்வழியைப் பார்த்தேன். நீங்கள் கண்டுபிடித்த அதே தாய்வழி. தகப்பன்கள்தான் நாலு திசையிலிருந்தும் வந்திருக்கிறார்கள்."

திருஞானம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தான் நாடோடி என்று சொன்ன தாளை எடுத்து, முதல் கீற்றிலிருந்து கடைசிக் கீற்றுவரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவற்றில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பார்த்து முடிக்க நேரம் ஆனது.

"இதுவா மூத்தகுடி?"

"ஆமாம் சார்."

அவர் விரல் மற்றத் தாளுக்குப் போனது. எல்லாக் கோடும் ஒன்றுபோல் இருந்த தாள்.

"அப்படியானால் இத்தனை நாள் நான் காவல் காத்தது?"

"மிச்சம்" என்றார் ஜெசிந்தா.

வெளியே ஜீப் வந்து நின்றது. திருஞானம் எழுந்து வெளியே போனார். முபாரக் கட்டலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். ரோட்டுக்கு இரு புறமும் கிளை நெருங்கி நின்ற இரண்டு மரங்களைத் திருஞானம் கை நீட்டிக் காட்டினார்.

"நெசமாத்தானே சார்? கட்டின பிறகு பேச்சு மாறக்கூடாது."

திருஞானம் குழாயின் ஒரு நுனியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்து நடந்தார்.