வரிசை பார்த்த கொண்டைக்குருவி

ஒரு காட்டில் சிங்கராஜாவைப் பார்க்க யார் போனாலும், முதலில் ஒரு கொண்டைக்குருவியைத்தான் பார்க்க வேண்டும். அதன் பெயர் செவ்வந்தி.

பெரிய நாவல் மரத்தடிதான் ராஜாவின் ஆபீஸ். உள்ளே ராஜா கண்ணை மூடிப் படுத்திருப்பார். வெளியே குறை சொல்ல வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செவ்வந்தி தாழ்ந்த கிளையில் இருந்துகொண்டு, "அடுத்தது நீங்கள், போங்கள்" என்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும். அதுதான் அதன் வேலை.

அந்த வேலையில் அதை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. முயல் முன்னால் வந்திருந்தால் யானை பின்னால்தான் நிற்க வேண்டும்.

"எனக்குக் கால் வலிக்கிறதம்மா" என்று யானை முனகும்.

"உட்காருங்கள் மாமா, உங்கள் இடம் எங்கேயும் போகாது" என்று செவ்வந்தி சொல்லும்.

அதற்கு அதட்டிப் பேசவே தெரியாது. இருந்தாலும் அந்தக் கிளைக்குக் கீழே யாரும் யாரையும் இடித்துக்கொண்டு போனதில்லை.

இப்படி இருந்த செவ்வந்திக்கு மனசுக்குள்ளே ஓர் ஆசை. தானும் பாட வேண்டும்.

பனி விழத் தொடங்கும் நாளில் எங்கிருந்தோ ஒரு பறவை அந்தக் காட்டுக்கு வரும். முதுகில் பச்சை, சிறகில் நீலம், வால் மட்டும் யாரோ கடித்துத் துப்பியதுபோலக் குட்டை. விடியும்போது ஒரு தடவையும் பொழுது சாயும்போது ஒரு தடவையும் பாடுவதால் அதை ஆறுமணிக்குருவி என்பார்கள். மற்றப் பறவைகளெல்லாம் அம்மா பாடியதையே பாடும். ஆறுமணிக்குருவி தானே மெட்டுக் கட்டும். நேற்றுப் பாடியது இன்று இருக்காது. வெயில் ஏறும் மாதம் வந்ததும் வடக்கு மலைக்குப் பறந்துபோய்விடும்.

மூங்கில் தோப்பிலிருந்து அந்தப் பாட்டு வரும்போது செவ்வந்தி அடுத்தவரைக் கூப்பிட மறந்துவிடும். அதன் தொண்டைக்குள்ளும் ஒரு மெட்டு நெளிந்துகொண்டே இருந்தது. வெளியே விடத்தான் வழி தெரியவில்லை.

ஒரு வருடம் ஆறுமணிக்குருவி வந்து இறங்கிய மறுநாளே, செவ்வந்தி ஆபீஸின் மேலதிகாரியான ஆமையிடம் போய் நின்றது.

"வேலையை விடுகிறேன் ஐயா."

"எதை விடுகிறாய்?"

"இந்த வேலையைத்தான். ஆறுமணிக்குருவியிடம் பாட்டுக் கற்கப் போகிறேன்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் மர நிழல் நகர்ந்துவிட்டது.

"உன்னை யாராவது திட்டினார்களா?"

"இல்லை ஐயா."

"ராஜா உறுமினாரா?"

"அவர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்."

"பின்னே என்ன கேடு உனக்கு? ஆபீஸுக்குப் பின்னால் அத்திமரத்தில் ஒரு கிளை முழுக்க உனக்கென்று விட்டிருக்கிறோம். பழம் தேடி ஒரு நாளாவது அலைந்திருக்கிறாயா? நீ இறங்கினால் மதியத்துக்குள் மைனா வந்து அந்தக் கிளையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் வந்து அழுதால் நான் என்ன செய்ய முடியும்?"

"அழமாட்டேன் ஐயா."

"பாட்டு வரவில்லை என்றால்?"

அதைச் செவ்வந்தி யோசித்தே பார்க்கவில்லை. "வரும் ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பறந்தது.

மதியம் வரைக்கும்கூட மைனா காத்திருக்கவில்லை.

செவ்வந்தி மூங்கில் தோப்புக்குப் போனபோது அங்கே ஒரே கூச்சல். மரங்கொத்திக்குத் தாளம் பிசகுகிறதாம். தேன்சிட்டின் வீட்டில் கல்யாணமாம், புது மெட்டு வேண்டுமாம். காட்டுக்கோழிக்குக் கடைசி இழுப்பில் குரல் கட்டிக்கொள்கிறதாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் ஆறுமணிக்குருவி கண்ணை மூடிக்கொண்டு, கட்டிக்கொண்டிருந்த மெட்டு கலைந்துபோகாமல் பிடித்துவைக்கப் பாடுபட்டது. எந்நேரமும் பாட்டிலேயே மூழ்கிக் கிடப்பது அதன் சுபாவம். யார் வந்தார், யார் போனார் என்பது அதற்கு மனசில் தங்காது.

செவ்வந்தியால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒவ்வொருவராகப் போகலாமே" என்றது. "மரங்கொத்தி அண்ணன்தானே முதலில் வந்தது? நீங்கள் போங்கள். தேன்சிட்டு அதற்கடுத்தது. மற்றவர்கள் இப்படி நிழலுக்கு வாருங்கள்."

கூச்சல் அடங்கியது. ஆறுமணிக்குருவி கண்ணைத் திறந்து பார்த்து, "அப்பாடா" என்றது. செவ்வந்திக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக வந்தது தான்தான், அதனால் கடைசியில்தான் போக வேண்டும் என்று அது நினைத்தது. ஆனால் வெயில் மேலே பட்டதும் ஆறுமணிக்குருவி அலகை மூடிக்கொள்ளும். பிறகு சருகைப் புரட்டிப் புழு தேடப் போய்விடும். பொழுது சாயும்போது பாடுவது தனக்காக மட்டும்தான், அப்போது யாருக்கும் கற்றுத்தராது. அன்று காட்டுக்கோழி முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது.

'நாளைக்குப் பார்த்துக்கொள்வோம்' என்று செவ்வந்தி நினைத்தது.

மறுநாள் வேறு சிலர் வந்தார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திவிட்டு, அவர்களுக்குப் பின்னால் தன்னை நிறுத்திக்கொண்டது. வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு வரிசை பார்ப்பவளே முன்னால் போனால் நன்றாகவா இருக்கும்? ஆபீஸில் இருந்தபோதும் அது அப்படிச் செய்ததே இல்லை.

அடுத்த நாளும் அப்படித்தான் போனது. அதற்கடுத்த நாளும். அத்திக்கிளை போய்விட்டதால் மத்தியானமெல்லாம் பழம் தேடி அலைந்தது. ஆனாலும் விடிவதற்குள் தோப்புக்கு வந்துவிடும்.

ஒரு நாள் பேச்சி என்ற தவிட்டுக்குருவி வந்தது. வெட்கம் என்பது அதற்குத் துளியும் கிடையாது. வந்த வேகத்தில் எல்லார் தலைக்கும் மேலே பறந்துபோய் ஆறுமணிக்குருவியின் எதிரில் உட்கார்ந்து கத்தியது. மூங்கிலில் கீறல் விழுந்ததுபோல இருந்தது அந்தக் குரல்.

ஆறுமணிக்குருவி முகத்தைச் சுளித்தது. "காது வலிக்கிறது. இரண்டாவது வளைவைக் கீழே இறக்கு. மறுபடி பாடு."

பேச்சி மறுபடி கத்தியது.

"இன்னும் கீழே. மூச்சைப் பிடித்துக்கொள். மறுபடி."

பாடிவிட்டு வெளியே வந்த பேச்சியைச் செவ்வந்தி தயங்கித் தயங்கி நிறுத்தியது.

"அக்கா, இங்கே முறை என்று ஒன்று இருக்கிறதே."

"இருக்கட்டுமே, நான் ஒன்றும் அதைக் கொத்தித் தின்னவில்லை. நீ யாரடி? இங்கே என்ன வேலை உனக்கு?"

"நானும் பாட்டுக் கற்க வந்தவள்தான்."

"அப்படியா? எங்கே, ஒன்று பாடு பார்க்கலாம்."

"இன்னும் என் முறை வரவில்லை அக்கா."

"எத்தனை நாளாக வரவில்லை?"

"பனி தொடங்கினதிலிருந்து."

பேச்சி தலையைச் சாய்த்துக்கொண்டு அதை ஏற இறங்கப் பார்த்தது. "இங்கே முறை சொல்லிக் கூப்பிடுவது யார்?"

"நான்தான்."

"பின்னே கூப்பிட்டுக்கொள்ளேன்."

"என்னை நானே எப்படி அக்கா கூப்பிட்டுக்கொள்வது? கூச்சமாக இருக்காதா?"

"நல்ல கூத்து" என்று சிரித்துவிட்டுப் பேச்சி பறந்துபோனது. மறுநாளும் வந்தது, முறை பார்க்காமல். அதற்கு மறுநாளும் வந்தது. ஆறுமணிக்குருவி முகத்தைச் சுளித்துக்கொண்டே திருத்தியது.

பேச்சி சொன்னது செவ்வந்தியின் மனசில் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் மூடுபனி அதிகம். யாரும் வரவில்லை. ஆறுமணிக்குருவி தனியாக உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. செவ்வந்தி இறகையெல்லாம் நீவிவிட்டுக்கொண்டு, கொண்டையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு கிளை முன்னால் தாவியது. இன்னொரு கிளை தாவியது. 'ஐயா' என்று கூப்பிட வாயைத் திறந்தது.

"கொஞ்சம் வழி விடு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

மயில் தோகையை இழுத்துக்கொண்டு வந்துநின்றது. தன்னை விட்டால் காட்டில் அழகு இல்லை என்பது அதன் நினைப்பு.

"நாளைக்கு நான் ஆடுகிறேன். எனக்கு ஏற்ற மாதிரி மெட்டு வேண்டும். உனக்கு ஏதாவது அவசரமா?"

செவ்வந்தி தன் மனசைத் தானே கேட்டுப் பார்த்தது. உயிர் போகிற அவசரம் என்று சொல்ல முடியாது. நாளைக்கு ஆட்டமும் இல்லை.

"இல்லைங்க. நீங்கள் போங்கள்" என்றது.

மயில் தனக்கு ஏற்ற மெட்டைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் பனி விலகி வெயில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு செவ்வந்தி வேறு மாதிரி சமாதானம் சொல்லிக்கொண்டது. 'கூடவே இருக்கிறேனே, எல்லாம் காதில் விழுகிறதே, இதுவும் கற்பதுதானே?' உண்மையாகவே எல்லாம் காதில் விழுந்தது. எந்த மெட்டு எங்கே வளையும், யாருக்கு எங்கே பிசகும், அதற்கு ஆறுமணிக்குருவி என்ன சொல்லும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. வரிசையில் நிற்பவர்களுக்கு, "உங்களுக்கு மூச்சு போதவில்லை, அதைத்தான் சொல்லப்போகிறார்" என்று முன்கூட்டியே சொல்லும். அப்படியேதான் நடக்கும். 'எனக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது' என்று நம்பியது.

மூங்கில் இலை பழுக்கத் தொடங்கியது. காற்றில் சூடு ஏறியது. ஒரு நாள் காலையில் ஆறுமணிக்குருவி எல்லாரையும் பார்த்து, "இன்றைக்குக் கிளம்புகிறேன். காற்று தெற்கிலிருந்து எழும்பியதும் போய்விடுவேன். கடைசியாக ஒரு தடவை பாடிக் காட்டுங்கள்" என்றது.

மரங்கொத்தி தட்டியது. தாளம் பிசகவில்லை. காட்டுக்கோழி கூவியது. பேச்சி பாடியது. குரல் என்னவோ அதே கீறல் குரல்தான். ஆனால் மெட்டு ஓர் இடத்திலும் ஆடாமல் நேராக வந்தது. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"உன்னால் என் காது பாதி போய்விட்டது. போனாலும் பரவாயில்லை" என்றது ஆறுமணிக்குருவி.

எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பி முடித்த பிறகு, செவ்வந்தி முன்னால் வந்து உட்கார்ந்தது.

"ஐயா, நான் பாடட்டுமா?"

ஆறுமணிக்குருவி அதை ஆச்சரியமாகப் பார்த்தது.

"நீங்களா? நீங்கள் ராஜா அனுப்பி வைத்த ஆள் இல்லையா?"

"ராஜாவா?"

"கூச்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ள ராஜா ஓர் ஆளைப் போட்டிருக்கிறார் என்றல்லவா நினைத்தேன். போகும் வழியில் நாவல் மரத்தடியில் இறங்கி நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன்."

"நான் அந்த வேலையை விட்டுவிட்டு உங்களிடம் பாட்டுக் கற்க வந்தவள் ஐயா."

"நீங்கள் பாடி நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே."

ஆறுமணிக்குருவி வானத்தைப் பார்த்தது. மூங்கில் நுனிகள் வடக்குப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தன.

"சரி, பாடுங்கள். சீக்கிரம்."

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கியது. எது எங்கே வளைய வேண்டும் என்பது மனசில் அச்சு மாதிரி இருந்தது. ஆனால் முதல் வளைவிலேயே குரல் வழுக்கியது. இரண்டாவது வளைவில் உடைந்தது. எங்கே தப்பு என்று அதற்கே தெரிந்தது. தெரிந்தும் திருத்த முடியவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது.

"காதுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தொண்டைக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றது ஆறுமணிக்குருவி. அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. "முதல் நாளே இப்படி உடைத்துப் பாடியிருந்தால், இன்றைக்கு நேராகியிருக்கும். இனிமேல் எனக்கு நேரமில்லையம்மா."

காற்று எழும்பியது. ஆறுமணிக்குருவி குட்டை வாலை ஆட்டிவிட்டு மூங்கிலுக்கு மேலே போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தது. செவ்வந்தி மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மயில் கிளம்பும்போது அதன் பக்கம் திரும்பி, "அடுத்த பனிக்கும் நீதானே இங்கே வரிசை பார்ப்பாய்? எனக்கு முதல் இடம் போட்டுவை" என்றது.

"சரிங்க" என்றது செவ்வந்தி.

பாடும்போது உடைந்த குரல், அதைச் சொல்லும்போது உடையவே இல்லை.

நீதி: கற்கப் போன இடத்தில் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பவர், எத்தனை நாள் கூடவே இருந்தாலும் கற்றுக்கொள்வதில்லை.