கொலாஜன் டப்பாவும் எதிர்வீட்டுப் பூனையும்

“சைவ வீட்டு அடுப்படிக்குள்ள மீனைக் கொண்டாந்தியா, இல்லையா? தினம் இதே நாத்தம்! இன்னையோட உனக்கு வேலை போச்சு!”

வடிவம்மாள் இதையே மூன்றாவது தடவையாகக் கத்தினாள். சமையல்காரி செல்லக்கிளி அவரைக்காயைக் கீழே வைத்தாள். பத்து வருஷத்து வேலையை அப்படிச் சும்மா விட்டுக்கொடுப்பாளா?

“நீங்களும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம்மா. பூனை சொல்லட்டும்.”

தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தரையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில், வடிவம்மாளின் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கொலாஜன் பவுடரை ஒரு கரண்டி போட்டு வைத்தாள். கன்னம் தொங்காமலிருக்க வடிவம்மாள் தினமும் வெந்நீரில் கலக்கச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் பவுடர் அது.

வாசலில் படுத்திருந்த எதிர்வீட்டுப் பூனை உள்ளே வந்தது. டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பவுடரைத் தட்டோடு நக்கியது.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. டப்பா பின்னால இருக்கிற பொடி எழுத்தை நீங்களே வாசிங்கம்மா.”

வாசித்த வடிவம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீன் தோலிலிருந்து எடுத்ததாம். மூன்று மாசமாக அதைத்தான் குடித்திருக்கிறாள்!

கை தானாகக் கன்னத்தைத் தடவியது. கொஞ்சம் இறுகின மாதிரிதான் இருந்தது.

“ஏட்டி கிளி, உன் வேலை எங்கயும் போகலை. அந்தப் பூனையை வெரட்டிட்டு, எனக்கு ஒரு டம்ளர் கலந்து தாயேன்.”

செல்லக்கிளி அதற்கு முன்னாலேயே அவரைக்காயைத் திரும்ப எடுத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள்.