முத்தழகியின் பொன் தட்டு

முன்னொரு காலத்தில், பூனைக்குப் பொன் தட்டில் சோறு வைத்த ராஜா ஒருவர் இருந்தார். பூனையின் பெயர் முத்தழகி. ராணி காலமான வருஷம், மழைக்கு ஒதுங்கி அரண்மனைக்குள் வந்த குட்டி அது. அன்றிலிருந்து ராஜாவின் மடிதான் அதற்கு மெத்தை. ராஜாவுக்கும் அது மடியில் ஏறிப் படுத்தால்தான் மனசு ஆறும். பாசம் முற்றிப்போய், இனி முத்தழகியும் அரச குடும்பம்தான் என்று ஊரெல்லாம் பறை அறைவித்துவிட்டார். யார் போய்க் கேட்பது? ராஜாவாயிற்றே.

வினை அங்கேதான் பிறந்தது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். அரச குடும்பத்துத் தட்டு எதுவானாலும், விஷ பயத்துக்காக, முதல் கவளத்தை மடைப்பள்ளி அதிகாரி தின்று பார்க்க வேண்டும். அதிகாரி பூபதியாருக்கு மீன் வாடையே ஆகாது, இனிப்பென்றால் உயிர். பூனையின் தட்டும் தன் கைக்கு வந்ததும், காலையில் பாதாம் அல்வா, மதியம் நெய்ச்சோறு, மாலையில் பால் பாயசம் என்று விதித்துவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். பாவம், பசித்த பூனை என்ன செய்யும்? கிடைத்ததை நக்கியது.

நாளாக ஆக முத்தழகிக்கு வயிறு தரையைத் தொட்டது. ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, கண் மங்கியது. ஒருநாள் ராஜாவின் மடிக்குத் தாவப் பார்த்து, முடியாமல் சறுக்கி விழுந்தது. ராஜா அத்தனை பேர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூபதியாரும் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி. அவர் கண் முழுக்க சொக்கப்பன் மேல்தான் இருந்தது. சொக்கப்பன் அவையில் விகடம் பேசுகிறவன். ராஜா அவன் பேச்சுக்கு மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். அது பூபதியாருக்கு வயிற்றெரிச்சல். எல்லாம் தெரிந்த சொக்கப்பனிடமே பூனையை ஒப்படைக்கலாம், வருகிற பௌர்ணமிக்குள் அது பழையபடி சிம்மாசனத்தில் தாவி ஏறாவிட்டால் அவன் நாட்டை விட்டே போகட்டும் என்று எடுத்துக் கொடுத்தார். கவலையில் இருந்த ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சொக்கப்பன் குடியிருந்தது மீன் கடைத்தெருவில். அங்கே திரிகிற பூனைகள் ஒன்றுகூட நெய்யைக் கண்டதில்லை; ஆனால் கூரைக்குக் கூரை பாயும். ஆகவே உப்பு, காரம் போடாமல் மீனை வேகவைத்து, முள்ளை நீக்கி, அளவாக அனுப்பினான். பூபதியார் முதல் கவளத்தை வாயில் வைத்தார், துப்பினார். அரச நாக்குக்கு இது ஆகாது என்று சொல்லித் தட்டைத் திருப்பிவிட்டு, அல்வாவை வைத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. முத்தழகிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தானாவது வேறு நாடு போய்ப் பிழைத்துக்கொள்ளலாம், இந்த வாயில்லா ஜீவன் எங்கே போகும் என்று சொக்கப்பன் கவலைப்பட்டான்.

பௌர்ணமியன்று அவை கூடியது. சிம்மாசனத்தின் காலடியில் முத்தழகி சுருண்டு கிடந்தது. சொக்கப்பன் மூடிய பொன் தட்டோடு வந்து வணங்கினான்.

"ஐயா பூபதியாரே, வழக்கத்தை ஒருமுறை எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்."

பூபதியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அரச தட்டில் எது வந்தாலும் முதல் கவளம் என்னுடையது. தின்ன மறுத்தால் அதில் விஷம் இருப்பது எனக்குத் தெரியும் என்று பொருள். அந்தக் கணமே என் பதவி போய்விடும்."

"அப்படியானால் சாப்பிடுங்கள்" என்று சொல்லி, சொக்கப்பன் மூடியைத் திறந்தான்.

உள்ளே ஒரு எலி. உயிருள்ள, கொழுத்த எலி. மீசையை ஆட்டிக்கொண்டு பூபதியாரையே பார்த்தது.

பூபதியார் பின்வாங்கித் தூணில் முட்டிக்கொண்டார். "மன்னா, இதை மனுஷன் தின்பானா?"

"இத்தனை நாளும் முத்தழகி கேட்டதும் அதுதான் ஐயா" என்றான் சொக்கப்பன். "பாயசத்தைப் பூனை தின்னுமா என்று. அதற்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் உங்கள் நாக்குக்குச் சமைத்து அதன் வயிற்றில் போட்டீர்கள்."

அந்த நேரம் பார்த்து எலி தட்டிலிருந்து குதித்து ஓடியது. முத்தழகியின் காது நிமிர்ந்தது. எலி சிம்மாசனத்தில் ஏற, அல்வா, நெய் எல்லாவற்றையும் மறந்து முத்தழகியும் ஒரே தாவு. எலி தப்பித்தது. பூனை ராஜாவின் மடியில் விழுந்து, மூச்சு இரைக்க அங்கேயே படுத்துக்கொண்டது. ராஜா அதைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், பிறகு மறுபடியும் அழுதார்.

அந்தச் சந்தோஷத்தில் ராஜா பூபதியாரின் பதவியைப் பறிக்காமல், பூனையின் தட்டை மட்டும் சொக்கப்பனுக்கு மாற்றினார். பூபதியார் விடவில்லை. வழக்கம் இவனுக்கும் உண்டு, முதல் கவளத்தை உப்பில்லாமல் இவனும் தின்னட்டும் என்றார். உத்தரவு என்று குனிந்தான் சொக்கப்பன்.

அன்று முதல் பூனைக்கு அளவாக வெந்த மீன், சில நாள் கோழித் துண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர். அடுத்த பௌர்ணமி வருவதற்குள் ரோமம் பளபளத்தது, கண் தெளிந்தது, வயிறு உள்ளே போயிற்று. ராஜா ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே சொக்கப்பன் தொந்தியும் தொப்பையுமாக நின்றான்.

"சொக்கப்பா, முத்தழகியின் தொப்பை எங்கே போயிற்று?"

"அரண்மனைச் சொத்து எங்கும் போகாது மன்னா, பத்திரமாக என்னிடம் இருக்கிறது. முதல் கவளம் என்றுதானே வழக்கம்? கவளம் எவ்வளவு பெரிது என்று யாரும் சொல்லவில்லை. உப்பும் மிளகும் மடியிலேயே வைத்திருக்கிறேன். பூனைக்கு அளவாக மிஞ்சுகிற மாதிரி தினமும் கொஞ்சம் கூடுதலாகவே வேகவைக்கிறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் முத்தழகி மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தது. தன் இடுப்பிலிருந்த பொற்கச்சையைக் கழற்றி அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். சொக்கப்பன் அங்கேயே கட்டிப் பார்த்தான். எட்டவில்லை. பூபதியார்தான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.