எலி நல்லாத்தானே இருக்கு

“எலி நல்லாத்தானே இருக்கு மேடம், இன்னும் அதுக்குள்ள என்ன பார்க்கணும்?”

அந்த வாரம் முழுக்க வார்த்தை மாறாமல் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள் குமுதவல்லி. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வழிகாட்டி பெர்னதெத் மேடமோ அவளைவிடப் பத்து வயது இளையவர். குமுதவல்லியின் சிடுசிடுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணீரலைத் தாக்கும் கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியைக் குப்பியிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து, நோய் தர முடியாதபடி அதன் பல்லைப் பிடுங்கியிருந்தாள். அதை ஏற்றிய எலிகள் இளைக்கவில்லை, ரோமம் உதிரவில்லை. தடுப்பூசிக்கு ஆகும், ஆபத்தில்லை என்று அறிக்கையும் தயார். மேடம் ஒப்புக்கொண்டால் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்கலாம். அவர்தான் பிடிகொடுக்கவில்லை.

“மண்ணீரலை அறுத்துப் பார்த்தீங்களா?”

“கொழுகொழுன்னு ஓடுறதைப் போய் யாராவது அறுப்பாங்களா?”

“சரி. இந்தக் கூண்டு எலிகளுக்கும் அந்த ஒட்டுண்ணியை ஊசியில ஏத்துங்க. நானே அறுத்துப் பார்க்கிறேன்.”

இருந்த கோபத்தில் எலியைக் கொஞ்சம் அழுத்தியே பிடித்தாள். அது துள்ளியது. ஊசி அவள் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

கையுறைக்குள் சிவப்பாகப் பரவியது.

மேடம் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு விரலைக் கழுவினார். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தார். கார் சாவியை எடுத்தார்.

“ஏன் இப்படி நடுங்குறீங்க? பல் பிடுங்கினதுதானே?”

“எலிக்கு மேடம்! எலியைத்தான் ஒண்ணும் செய்யலை.”

“செய்யலைன்னு எப்படித் தெரியும்?”

“நல்லா தின்னுது, ஓடுது…”

“நீங்களும்தான் மத்தியானம் பிரியாணியை ஒரு வெட்டு வெட்டினீங்க.”

குமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. எலிக்குள் போனது செத்துத் தொலைந்ததா, இல்லை, உடம்பு எப்போது தளரும் என்று மண்ணீரலில் சுருண்டு கிடக்கிறதா? யார் பார்த்தார்கள்?

காரில் ஏறியதும் விரலை மடியில் பொத்திக்கொண்டாள்.

“காய்ச்சல் வந்தா மருந்து இருக்கில்ல மேடம்?”

“இருக்கு.”

“வராம, உள்ளயே இருந்துட்டா?”

“டாக்டர்களும் நல்லா இருக்கீங்கன்னு எழுதிக்குவாங்க.”

வண்டி சிக்னலில் நின்றது. குமுதவல்லி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்.”

பச்சை விழுந்ததும் மேடம் கியரை மாற்றினார்.

“சும்மாவாவது சொல்லுங்களேன்.”